பழைய பிக்கப்பின் முன் சஸ்பென்ஷன்: பணம் கொடுக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள், சில்லுகளை வண்டியோடு இணைத்து அதிர்வைத் தாங்கும் முன் சஸ்பென்ஷனை மாற்ற நினைத்ததும் முதலில் செய்வது, புதிய பாகங்களின் விலையை விசாரிப்பது. வண்டியைத் தூக்கிப் பார்ப்பது அதற்குப் பிறகுதான். பெரும்பாலான வீண்செலவு இங்கேதான் தொடங்குகிறது. ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுப்பதும் பள்ளத்தில் இறங்கும்போது சத்தம் வருவதும் அநேகமாகத் தேய்மானத்தின் அடையாளங்கள். வடிவமைப்பைக் குறை சொல்லுமுன் தேய்ந்தது எது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

மொரிஸ் மைனர் என்ற பழைய பிரிட்டிஷ் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1948இல் மைனர் வந்தது, பிக்கப் 1953இல். அதன் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. நீளவாக்கில் ஓடும் டோர்ஷன் பார் என்னும் முறுக்குக் கம்பிதான் பாரத்தைத் தாங்குகிறது. சில்லைச் சுமக்கும் கிங் பின் மேலும் கீழும் ட்ரனியன் எனப்படும் மரையிட்ட உலோக இணைப்புகளில் திரும்புகிறது. கீழ் ட்ரனியனின் மரை தேய்ந்துபோனால் கிங் பின் அதிலிருந்து கழன்று, சில்லு மடிந்து, வண்டி தரையில் குத்திவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போது இது நேர்ந்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

இதைச் சோதிக்கக் கராஜுக்குக்கூடப் போக வேண்டியதில்லை. வண்டியை ஜாக்கில் உயர்த்தி, ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி, சில்லின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பிடித்து மாறி மாறி அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங்கில் கோளாறு. நிற்காவிட்டால் ட்ரனியனையோ, இணைப்புகளில் உறைபோல் இருக்கும் புஷ்ஷையோ பாருங்கள். கிரீஸ் அடிக்கும்போதும் சில்லு தூக்கியே இருக்கட்டும். தரையில் நின்றால் பாரம் அழுத்தும் பக்கத்துக்கு கிரீஸ் சரியாகப் போய்ச் சேராது.

மைனரின் பழைய ஷொக் அப்சோபரை அகற்றிவிட்டுக் குழாய் வடிவ ஷொக் போட விரும்புகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பழைய ஷொக்கின் கைதான் சில்லை மேலே பிடித்திருக்கும் மேல் ஆர்மாகவும் வேலை செய்கிறது. சில கிட்களில் அது அப்படியே இருக்கும். இனி எதற்கு என்று அதிலுள்ள எண்ணெயை வடித்துவிட்டால் உள்ளே உலர்ந்து தேயும்.

டோர்ஷன் பார் உள்ள டட்சன் 620, 720 போன்ற வண்டிகளில் நடக்கும் தவறு வேறு. முன்பக்கம் தாழ்ந்துவிட்டது என்று கம்பியின் உயரத்தைச் சரிசெய்யும் போல்ட்டை இறுக்கிக்கொண்டே போவார்கள். அதனால் வண்டியின் உயரம் கூடுமே தவிர, கம்பியின் வலு கூடாது. அளவு மீறினால் சில்லு கீழே இறங்க இடமில்லாமல் போகும். போல் ஜொயின்ட் (உருண்டை மூட்டு) உள்ள வண்டிகளில் அவை கோணம் தப்பிச் சீக்கிரம் தேயும். கம்பிகளைக் கழற்றினால் இடது வலது என்று அடையாளம் இட்டு வையுங்கள். பழக்கப்பட்ட திசைக்கு எதிராக முறுக்கினால் உடையக்கூடும்.

அழகுக்காக வண்டியைத் தாழ்த்துவதை நான் ஏற்கவில்லை. உயரம் மாறும்போது ஸ்டியரிங் ரொட்டும் ஆர்மும் வெவ்வேறு வளைவில் அசையத் தொடங்கும். ஒவ்வொரு குழியிலும் சில்லு தானாகத் திரும்பும். மாரியில் குழி விழுந்த உள்வீதிகளில் அது ஆபத்து.

வேறொரு வாகனத்தின் முன்பாகத்தை வெட்டி ஒட்டுவது எல்லாவற்றிலும் பெரிய முடிவு. நிலாவெளி, குச்சவெளி என்று கடலோரத்திலேயே ஓடிய வண்டியின் சேசிஸ் என்னும் அடிச்சட்டம் வெளியே பெயின்ட் பளபளக்க, உள்ளே உப்புக் காற்றில் உளுத்திருக்கும். மீன் ஏற்றிய வண்டி என்றால் இன்னும் மோசம். திருகாணி முடுக்கியால் குத்திப் பாருங்கள், சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். ஒலி மழுங்கினால் முதலில் சேசிஸ் வேலை. துருவின் மேல் வைத்த வெல்டிங் எந்தப் பாரத்தையும் தாங்காது. உண்மையில், உறுதியான சேசிஸ் உள்ள மைனரை இப்படி வெட்டுவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்காது. புதிய ட்ரனியன், புஷ், நல்ல ஷொக் இவையே பெரும்பாலோருக்குப் போதும்.

டிஸ்க் பிரேக் பொருத்துவது நல்ல மாற்றம்தான். ஆனால் ரிம் அதற்கு இடம் கொடுக்குமா, பிரேக் எண்ணெயை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் ஒத்துவருமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வேலை நுணுக்கம். ரப்பர் புஷ் போட்ட ஆர்மின் போல்ட்களைச் சில்லு தொங்கிக்கொண்டிருக்கும்போது முழுதாக இறுக்கக் கூடாது. வண்டியின் பாரம் சில்லில் இறங்கிய பிறகே இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எந்நேரமும் முறுகியே நின்று கிழிந்துவிடும். அதன் பிறகு வீல் அலைன்மென்ட். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டுகளையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.