பூனைக்குட்டிகளை ஃபாஸ்டர் எடுக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

சென்னையில் விலங்கு ஆர்வலர்களின் வாட்ஸ்அப் குழு ஏதாவது ஒன்றில் நீங்கள் இருந்தால், “அம்மா இல்லாத மூணு குட்டி, தத்துப் போகிற வரைக்கும் யாராவது வச்சுக்க முடியுமா?” என்ற செய்தியைப் பார்க்காமல் இருக்க முடியாது. கையைத் தூக்குபவர்களுக்கு அக்கறைக்குக் குறைவில்லை. அந்த அக்கறையோடு சேர்ந்து வரும் அவசரம்தான் சிக்கல்.

முதலில், அம்மா உண்மையிலேயே இல்லையா? தாய்ப்பூனை இரை தேடிப் போனால் திரும்பப் பல மணி நேரம் ஆகலாம். குட்டிகள் சுத்தமாக, வயிறு நிறைந்து, சத்தமில்லாமல் தூங்கினால் தள்ளி நின்று காத்திருங்கள். ஆள் பக்கத்தில் நின்றால் அது வராது.

அடுத்தது பால். குட்டியைத் தூக்கி வந்ததும் எல்லோரும் செய்வது, பிரிட்ஜில் இருக்கும் பாக்கெட் பாலைக் காய்ச்சி வாயில் ஊற்றுவது. பசும்பால் பேதியைக் கொண்டுவரும். அந்த அளவு உடம்புக்கு ஒரு நாள் பேதியே போதும், உயிர் போய்விடும். பூனைக்குட்டிகளுக்கென்றே பால் பவுடர் விற்கிறார்கள், அதைத்தான் வாங்க வேண்டும். ஆனால் பாலுக்கும் முன்னால் சூடு. சுமார் நான்கு வாரம் வரை குட்டிகளால் தங்கள் உடல் சூட்டைத் தாங்களே சரியாகக் காக்க முடியாது. உடம்பு சில்லிட்ட குட்டிக்குக் குடல் வேலை செய்யாது, விழுங்கவும் தெம்பிருக்காது. வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி, அட்டைப்பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வையுங்கள், சூடு அதிகமானால் மறுபாதிக்கு நகர்ந்துகொள்ளும். உடம்பு கதகதப்பான பிறகே பால்.

மனிதக் குழந்தையைப் போல மல்லாத்திப் புகட்டாதீர்கள், பால் நுரையீரலுக்குப் போய்விடும். குப்புற இருக்க வேண்டும், தலை லேசாகத் தூக்கியிருக்க வேண்டும். சிரிஞ்சை அழுத்தி ஊற்றாமல் குட்டியே உறிஞ்சட்டும். மூக்கில் பால் வந்தால் உடனே நிறுத்துங்கள். குடித்து முடித்ததும் ஈரப் பஞ்சால் அடிப்பகுதியை மெல்லத் தடவிவிட வேண்டும். மூன்று வாரம் வரை அது தானாகச் சிறுநீர் கழிக்காது. இதை மறப்பவர்கள்தான் அதிகம்.

தினமும் ஒரே நேரத்தில் கிச்சன் தராசில் எடை பாருங்கள். நாளுக்குப் பத்து கிராமாவது ஏற வேண்டும். இறங்கினால் “நாளைக்குப் பார்க்கலாம்” என்று விடாமல் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்புறம் நம் வீட்டு டெட்டால், பினாயில். மனிதர்களுக்குச் சுத்தம், பூனைக்கு நஞ்சு. தரையில் பட்டது பாதத்தில் ஒட்டி, நக்கும்போது உள்ளே போகும். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தும் வேண்டாம், அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் குட்டிக்கு வலிப்பு வரும். காய்ச்சல் என்று பாராசிட்டமால் துண்டு கொடுத்தால் பூனை பிழைப்பது அரிது.

ஏற்கெனவே பூனை வளர்ப்பவர்கள் புதுக்குட்டிகளைக் குறைந்தது இரண்டு வாரம் தனி அறையில் வையுங்கள். பூனைகளின் உயிரைப் பறிக்கும் பன்லுகோபீனியா என்ற தொற்றுநோயின் வைரஸ் உங்கள் துணியிலும் கையிலும் பயணிக்கும், ஒரு வருடம்கூடத் தரையில் உயிரோடு கிடக்கும்.

கடித்தாலோ பிறாண்டினாலோ பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். “குட்டிதானே” என்று ரேபிஸ் பார்ப்பதில்லை.

கடைசியில் தத்து. கேட்டவருக்கெல்லாம் ஐந்து வாரக் குட்டியைத் தூக்கிக் கொடுப்பதும் தவறு, யாரையும் நம்பாமல் எல்லாவற்றையும் தானே வைத்துக்கொள்வதும் தவறு. இரண்டாவது நடந்தால் அடுத்த குட்டிகளுக்கு உங்கள் வீட்டில் இடம் இருக்காது. எட்டு வாரமாவது ஆகி, குடற்புழு மருந்தும் முதல் தடுப்பூசியும் முடிந்திருக்கட்டும். கருத்தடை செய்வார்களா என்று கேளுங்கள். பிறந்தநாள் பரிசாகக் கேட்பவர்களுக்கு, என்னைக் கேட்டால், தரவே வேண்டாம். அடுக்குமாடி வீடு என்றால் பால்கனியிலும் ஜன்னலிலும் வலை அடித்த போட்டோ வந்த பிறகே குட்டியைக் கூடையில் வையுங்கள்.