துவைக்காமல் அலச வேண்டிய ஆடை: காஷ்மியர் பின்னலாடையைப் பேணுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில ஆண்டுகளுக்கு முன் என் அக்கா டொராண்டோவிலிருந்து வந்தபோது சாம்பல் நிறக் காஷ்மியர் ஸ்வெட்டர் ஒன்றை எனக்கென்று வாங்கி வந்திருந்தார். குளிர் நாட்டுப் பயணம் ஒன்றை முடித்துச் சென்னைக்குத் திரும்பிய நான், ஒரு சித்திரை மாத நண்பகலில், மொட்டைமாடித் தொட்டியிலிருந்து குழாயில் வந்த நீரிலேயே அதை நனைத்து, கழுத்துப் பட்டியின் அழுக்குப் போகச் சலவை சோப்பைத் தேய்த்துக் கசக்கி, முறுக்கிப் பிழிந்து, கொடியில் போட்டேன். மாலையில் எடுத்தபோது அது பத்து வயதுப் பிள்ளைக்கு ஆகும் அளவில் இருந்தது. தடவிப் பார்த்தால் பின்னலின் கண்ணிகளே தட்டுப்படவில்லை. பூப்போல இருந்த துணி தடித்து, விறைத்து, அட்டையைப் போல் மடங்க மறுத்தது. அன்று நான் செய்தவற்றுள் ஒன்றுகூடச் சரியில்லை என்பதைப் பிறகுதான் அறிந்துகொண்டேன். வெந்நீர்தான் கெடுத்துவிட்டது என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். வெப்பத்துக்கு அதில் பங்கு உண்டு. ஆனால் பெரும் பங்கு என் கைகள் செய்த உராய்வுக்குத்தான்.

காஷ்மியர் என்பது ஆட்டின் உள்மயிர். காஷ்மீர் என்ற ஊர்ப்பெயரை ஐரோப்பியர் தம் வழக்கில் எழுதியதிலிருந்து வந்த பெயர் இது. லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலத்திலும், மங்கோலியாவிலும், சீனாவின் உள் மங்கோலியாவிலும் கடுங்குளிரில் வாழும் வெள்ளாடுகளுக்கு, வெளியே தெரியும் முரட்டு மயிருக்கு அடியில் மென்மயிர் ஒன்று வளர்கிறது. வசந்த காலத்தில் அது தானாக உதிரத் தொடங்கும்போது சீப்பால் வாரி எடுக்கிறார்கள். ஓர் ஆட்டிலிருந்து ஆண்டுக்குக் கிடைப்பது சில நூறு கிராம்தான். முரட்டு மயிரை நீக்கினால் அதுவும் குறைந்துவிடும். ஆகவே ஒரு ஸ்வெட்டருக்குப் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட ஆடுகளின் ஓராண்டு மயிர் வேண்டும். நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்றால், காஷ்மியர் இழையின் சராசரித் தடிமன் 19 மைக்ரானுக்கு உட்பட்டே இருக்க வேண்டும். பஷ்மினா என்று நாம் அறியும் லடாக் மயிர் அதைவிடவும் மெல்லியது.

இழை எவ்வளவு மெல்லியதானாலும் அது மயிர்தான். மயிரின் மேற்பரப்பில் ஓட்டுக் கூரையைப் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்த நுண்செதில்கள் உண்டு. அவை எல்லாம் வேரிலிருந்து நுனியை நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. உங்கள் தலைமுடி ஒன்றை இரு விரல்களுக்கிடையே பிடித்து, வேரிலிருந்து நுனிக்கும் பிறகு நுனியிலிருந்து வேருக்கும் உருவிப் பார்த்தால், இரண்டாவது திசையில் விரல் சற்றே தடைபடுவதை உணரலாம். நீரும் சோப்பும் சூடும் சேரும்போது இழை உப்பி, நெகிழ்ந்து, இந்தச் செதில்கள் விரிகின்றன. அந்த நிலையில் தேய்த்தால் ஒவ்வோர் இழையும் தடை குறைந்த ஒரே திசையில் ஊர்ந்து, பக்கத்து இழையின் செதிலில் மாட்டிக்கொள்கிறது. முன்னே போனது பின்னே வர முடியாது. இப்படி ஆயிரக்கணக்கான இழைகள் ஒன்றையொன்று இறுக்கிக்கொள்வதையே நாம் சுருங்கிவிட்டது என்கிறோம்.

பஷ்மினா சால்வைக்குப் பெயர்போன அதே காஷ்மீரில் நம்தா என்ற விரிப்பும் செய்கிறார்கள். அதற்கு நெய்வதும் இல்லை, பின்னுவதும் இல்லை. கம்பளியைப் பரப்பி, சோப்பு நீரைத் தெளித்து, பாயோடு சுருட்டி, அழுத்தி உருட்டியும் மிதித்தும் ஒரே தகடாக இறுக வைக்கிறார்கள். ஒரு கைவினைஞர் உழைத்து வேண்டுமென்றே செய்கிற அந்த வேலையை, நாம் ஸ்வெட்டரை வாளியில் போட்டுக் கசக்கும்போது அறியாமல் செய்துவிடுகிறோம்.

திருப்பூர்ப் பருத்திப் பனியன்களில் பழகிய நமக்கு இந்த வேறுபாடு எளிதில் பிடிபடாது. பருத்திப் பின்னலாடை முதல் சலவையில் சுருங்குவது, தயாரிப்பின்போது இழுபட்டுக் கிடந்த கண்ணிகள் தளர்ந்து தம் இயல்பான அளவுக்குத் திரும்புவதால்தான். அதை ஓரளவு இழுத்துச் சரிசெய்துவிடலாம். இழைகள் செதிலோடு செதில் பிணைந்து இறுகிய காஷ்மியரை மீட்க வழியே இல்லை. லேசாக மட்டும் சுருங்கியிருந்தால், தலைமுடிக்குப் போடும் கண்டிஷனர் கலந்த நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, ஈரத்திலேயே மெல்ல மெல்ல இழுத்து விரித்து உலர்த்திப் பார்க்கலாம். கண்ணிகள் கண்ணுக்குத் தெரியும்வரைதான் அந்த முயற்சிக்குப் பலன் உண்டு.

நம் சலவைச் சொற்களே நம் பழக்கத்தைக் காட்டிக்கொடுக்கின்றன. துவைத்தல் என்றாலே இடித்தல், அடித்தல், மிதித்தல். இடித்து அரைக்கும் துவையலுக்கும் அதே வேர்தான். துவைப்பது, கசக்குவது, முறுக்கிப் பிழிவது, உதறுவது, கொடியில் போடுவது என்று பருத்திக்கும் நம் வெயிலுக்கும் பொருந்தி வந்த இந்தச் செயல்கள் ஒவ்வொன்றும் காஷ்மியருக்குக் கேடு. இந்த ஆடைக்குப் பொருந்துவது அலசுதல் என்ற ஒரு சொல்தான்.

ஆடையின் லேபிளில் 30 டிகிரி என்று இருந்தால், வெதுவெதுப்பான நீர் என்று பலர் அதற்குப் பொருள் கொள்கிறார்கள். நம் வீடுகளில் வெதுவெதுப்பு என்றால் குழந்தையைக் குளிப்பாட்டும் பதம்; அது உடல்சூட்டுக்குச் சற்று மேலே இருக்கும். 30 டிகிரி நீரோ கைக்குச் சூடாகவே தெரியாது, சற்றுக் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். நம் ஊரில் பெரும்பாலான மாதங்களில் அதிகாலைக் குழாய் நீரே போதும். மொட்டைமாடித் தொட்டியில் பகலெல்லாம் காய்ந்த நீரைக் கோடையில் இதற்குப் பயன்படுத்தவே கூடாது. டொராண்டோவிலோ லண்டனிலோ பனிக்காலத்தில் குழாயில் பனிக்கட்டிபோல் நீர் வந்தால் சிறிது சுடுநீர் கலந்துகொள்ளலாம். ஆனால் முதலில் ஊறவைக்கும் நீரும் கடைசியாக அலசும் நீரும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும்.

அடுத்த தவறு சோப்பில் நேர்கிறது. பட்டைச் சோப்பும் சாதாரணச் சலவைத்தூளும் காரத்தன்மை உடையவை. மயிர் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. காரம் அதை உப்பவைத்து வலுவிழக்கச் செய்கிறது. கறை நீக்குவதற்கென்று பல சலவைத்தூள்களில் சேர்க்கப்படும் புரதம் சிதைக்கும் என்சைமுக்கு, முட்டைக் கறையும் கம்பளி இழையும் ஒன்றுதான்; இரண்டையும் அரிக்கும். வெண்மையாக்கும் குளோரின் பிளீச் கம்பளியைக் கரைத்தே விடும், அதைப் பக்கத்தில்கூட வைக்க வேண்டாம். கம்பளிக்கென்று விற்கும் திரவ சோப்பு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் குழந்தைகளுக்கான மென்மையான ஷாம்பு போதும், அதுவும் மயிருக்கென்று செய்யப்பட்டதுதானே. நம் பெரியவர்கள் பட்டுப்புடவைக்குப் பயன்படுத்திய பூந்திக்கொட்டையும் இதற்கு நல்ல துணை. கொட்டையை நீக்கிய தோலை ஊறவைத்து, நுரை வரும் நீரை வடிகட்டிக்கொள்ள வேண்டும். அந்த நீருக்கு இளம்பழுப்பு நிறம் உண்டு என்பதால் வெள்ளை, சந்தன நிற ஆடைகளுக்கு அதைத் தவிர்ப்பது நல்லது.

அளவெடுக்காமல் நனைப்பதும் ஒரு தவறு. பிரவுன் ஷீட்டின்மீது ஸ்வெட்டரைப் பரப்பி, பென்சிலால் அதன் விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டுக்கொள்ள இரண்டு நிமிடம் போதும். உலர்த்தும்போது அந்தக் கோட்டுக்குள் ஆடையைப் பொருத்திவிடலாம். பிறகு பித்தான்களைப் போட்டு, உட்புறத்தை வெளியே திருப்பி, அகலமான டப்பில் சோப்பை முதலில் நீரில் கரைத்துவிட்டு ஆடையை அமிழ்த்துங்கள். ஐந்து லிட்டர் நீருக்கு இரண்டு தேக்கரண்டி ஷாம்புக்கு மேல் தேவையில்லை. உள்ளங்கையால் பத்துப் பன்னிரண்டு முறை மெல்ல அமுக்கி விட்டால் அழுக்கு நீரிலேயே இறங்கும். கழுத்துப் பட்டியிலும் கைம்முனையிலும் அழுக்கு இருந்தால் ஒரு சொட்டு ஷாம்புவை விரல் நுனியால் ஒற்றி வைக்கலாம். பிரஷ் கூடவே கூடாது. ஐந்து முதல் பத்து நிமிடம் ஊறினால் போதும். ஓடும் குழாய்க்கு நேர் கீழே ஆடையைப் பிடிக்காமல், டப்பின் நீரை மாற்றி மாற்றி நுரை போகும்வரை அலச வேண்டும். ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரில் பட்டைச் சோப்பு திரிதிரியாகப் படிந்து ஆடையை முரடாக்கும்; அப்படிப்பட்ட ஊர்களில் ஷாம்புவோ திரவ சோப்போ இன்னும் அவசியம்.

நனைந்த கம்பளி இழை உலர்ந்ததைவிட வலுக்குறைந்தது, எளிதில் நீண்டும்விடும். சுருங்கிவிடுமோ என்று அஞ்சி அஞ்சி அலசியவர்கள், கடைசியில் தோள்பட்டையைப் பிடித்து நீரிலிருந்து தூக்கி, நீரின் கனத்தாலேயே ஆடையைத் தொளதொளவென்று நீள வைத்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். இரு கைகளையும் அடியில் கொடுத்து, குழந்தையை ஏந்துவதுபோல் மொத்தமாகத் தூக்குங்கள். பந்தாகச் சேர்த்து அமுக்கினால் பாதி நீர் இறங்கிவிடும். பிறகு ஒரு தடித்த துவாலையில் பரப்பி, துவாலையோடு பாய்போல் சுருட்டி, மேலிருந்து அழுத்துங்கள். ஈரத் துவாலையை மாற்றி இன்னொருமுறை அப்படியே செய்தால், முறுக்கிப் பிழிவதைவிட அதிக நீர் வெளியேறியிருக்கும்.

இங்கே டிரையர் என்ற சொல்லைப் பற்றி எச்சரிக்க வேண்டும். நம் ஊர் செமி ஆட்டோமேட்டிக் மிஷினில் டிரையர் என்பது சூடில்லாமல் வேகமாகச் சுழன்று நீரை விசிறியடிக்கும் தொட்டி. வலைப்பையில் போட்ட ஸ்வெட்டரை அதில் அரை நிமிடம் சுற்றவிட்டால் பெரிய கெடுதல் இல்லை. சுழலும்போது துணி தொட்டிச் சுவரோடு ஒட்டிக்கொள்வதால் உராய்வு குறைவு. கனடாவிலும் பிரிட்டனிலும் அதே பெயரால் குறிக்கப்படுவது, சூடான காற்றில் துணியை உருட்டிப் புரட்டும் எந்திரம். ஈரம், சூடு, உராய்வு மூன்றும் ஒருங்கே சேரும் இடம் அது. பிள்ளைகளைப் பார்க்கப் போன பெற்றோர், இங்கே பழகிய நினைவில் அங்கே அந்தக் கதவைத் திறந்து கம்பளி ஆடையைப் போட்டுவிடுவது இயல்பாக நேரக்கூடியது. போன முதல் நாளிலேயே அவர்களிடம் சொல்லிவிடுவது நல்லது.

வாஷிங் மிஷினையே தொடக்கூடாதா என்று கேட்பார்கள். ஆடையின் லேபிளில் மிஷினுக்கு அனுமதி இருந்து, மிஷினில் கம்பளிக்கென்று தனி ஓட்டமும் இருந்தால் வலைப்பையில் போட்டுத் துவைக்கலாம். லேபிளில் தொட்டிப் படத்தின்மேல் கைப்படம் இருந்தால் கையால் மட்டுமே. தொட்டிப் படம் குறுக்கே அடிக்கப்பட்டிருந்தால் நீரே கூடாது, டிரை கிளீனிங்தான். லேபிள் அனுமதித்தும், நீருக்குப் பயந்து எப்போதும் டிரை கிளீனிங்குக்கே அனுப்புவதை நான் ஏற்கவில்லை. அங்கே பயன்படும் கரைப்பான்கள் எண்ணெய்க் கறையை நன்றாக எடுக்கும். நீரில் கரையும் வியர்வை உப்போ முழுதாகப் போகாமல் இழைகளில் தங்கிவிடும்.

உலர்த்துவதற்கு நிழலும் காற்றும் உள்ள சமதளம் வேண்டும். காய்ந்த துவாலையை விரித்து, பிரவுன் ஷீட்டின் கோட்டை ஒட்டி ஆடையைத் தட்டி நீவி அமைத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டி விடுங்கள். கொடியில் போட்டால் கனத்தில் இழுபடும், நேர் வெயிலில் நிறம் வெளிறும். கம்பளி, தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வைத்துக்கொண்டே கைக்கு உலர்ந்ததுபோல் தோன்றக்கூடியது. காய்ந்துவிட்டது என்று தோன்றிய பிறகும் ஒரு நாள் விட்டுத்தான் மடிக்க வேண்டும். கடற்கரை ஊர்களில் அவசரப்பட்டால் பூஞ்சை பிடிக்கும். சுருக்கம் இருந்தால், ஈரமான மெல்லிய பருத்தித் துணியை மேலே போட்டு, குறைந்த சூட்டில் இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் தூக்கித் தூக்கி வைத்தால் போதும்.

முழங்கையிலும் அக்குளிலும் சின்னச் சின்ன உருண்டைகள் திரள்வதைக் கண்டு, போலிப் பொருளை வாங்கிவிட்டோமோ என்று பலர் கலங்குகிறார்கள். உராயும் இடங்களில் குட்டை இழைகள் வெளியே வந்து திரள்வதுதான் அது. நல்ல காஷ்மியரிலும் முதல் சில தடவைகளில் வரும். கையால் பிடுங்கினால் நல்ல இழையும் கூடவே உருவி வரும். ஆடையைப் பரப்பி வைத்து, அதற்கென்றுள்ள சீப்பால் ஒரே திசையில் மெல்ல வாரி எடுக்க வேண்டும்.

நம் தட்பவெப்பத்தில் காஷ்மியருக்கு நேரும் பெரிய இழப்பு பீரோவில்தான் நேர்கிறது. பயணம் முடிந்து வந்ததும், இரண்டு மூன்று தடவைதானே போட்டோம் என்று அலசாமலே மடித்து வைத்துவிடுகிறோம். துணியைத் தின்பது பறக்கும் அந்துப்பூச்சி அல்ல, அதன் புழு. வியர்வையும் உணவுத் துளியும் பட்ட இடத்தை அது முதலில் தேடிப் போகும். ஆகவே நீண்ட நாள் வைப்பதற்கு முன் ஒருமுறை அலசியே ஆக வேண்டும். அந்துருண்டை என்று நம் மொழியே பெயர் வைத்திருக்கும் நாப்தலீன் உருண்டை பூச்சியைத் தடுக்கும் என்றாலும், அதன் ஆவி நச்சு. ஜி6பிடி என்சைம் குறைபாடுள்ள குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்களை அது சிதைக்கக்கூடும் என்பதால், கைக்குழந்தை உள்ள வீட்டில் அதை நான் வைக்கமாட்டேன். வேப்பிலையும் வசம்பும் வைக்கலாம், ஆனால் உள்ளே ஏற்கெனவே இருக்கும் முட்டையையும் புழுவையும் அவை கொல்லும் என்று நம்பிவிடக் கூடாது. ஐயம் இருந்தால் நன்கு உலர்ந்த ஆடையைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் மூடி, -18 டிகிரி குளிரில் இரண்டு வாரம் ஃப்ரீசரில் வைத்து எடுங்கள். எடுத்த உடனே பையைத் திறந்தால் ஆடையில் நீர் கோத்துக்கொள்ளும். அறைச் சூட்டுக்கு வந்தபின் திறந்து, ஹேங்கரில் மாட்டாமல் மடித்து, வாய் மூடிய பருத்திப் பையில் வைத்து, மாதம் ஒருமுறை வெளியே எடுத்து மடிப்பை மாற்றி வையுங்கள்.