புரோட்டியேஸ் தடுப்பான் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புரதங்களை வெட்டும் நொதிகளான புரோட்டியேஸ்களுக்குத் தடுப்பான் தேட ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வருபவர்கள், அந்த வயதில் நாங்கள் சறுக்கிய இடங்களிலேயே சறுக்குவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். நொதியை ஐஸில் வை, பைப்பெட் முனையை மாற்று என்பதையெல்லாம் முதல் நாளே யாராவது சொல்லிவிடுவார்கள். சொல்லப்படாதவற்றை இங்கே எழுதுகிறேன்.

நிறத்தைத் தடுப்பு என்று நம்புவது

என்னை இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். மரமஞ்சளிலிருந்து பெர்பெரின் என்ற ஆல்கலாய்டைப் (நைட்ரஜன் உள்ள தாவரச் சேர்மம்) பிரித்தெடுத்த ஒரு மாணவி, அது டிரிப்சின் என்ற புரோட்டியேஸைத் தடுக்கிறது என்று வரைபடத்தோடு வந்தார். அளவு கூடக்கூட நொதியின் வேகம் சீராகக் குறைந்தது. வேகத்தைப் பாதியாக்கும் செறிவான ஐசி50 கணக்கிட்டாயிற்று. நொதியின் பள்ளத்தில் பெர்பெரின் பொருந்தி உட்காரும் கணினிப் படமும் தயார். பெர்பெரினோடு பெப்டைடை (சிறு அமினோ அமிலச் சங்கிலியை) இணைத்த சேர்மங்களைச் செய்து தரச் சொல்லி ஒரு நிறுவனத்துக்குப் பணமும் கட்டிவிட்டார்கள்.

"நொதியே போடாமல், வெறும் ஏஎம்சி கரைசலில் பெர்பெரினைச் சேர்த்துப் பார்த்தாயா?" என்று கேட்டேன்.

"இல்லை மேடம்."

அவர் பயன்படுத்தியது ஏஎம்சி என்ற ஒளிரும் மூலக்கூறு கோத்த பெப்டைடு. நொதி அதை வெட்டியதும் ஏஎம்சி விடுபடும். சுமார் 360 நானோமீட்டர் ஒளியை வாங்கி 450-க்கு அருகில் நீலமாக ஒளிரும். பெர்பெரினோ நல்ல மஞ்சள். 345-ஐ ஒட்டியும் 420-ஐ ஒட்டியும் ஒளியை வலுவாக உறிஞ்சும். ஆகவே உள்ளே போகும் ஒளியையும் அது பிடித்துக்கொள்கிறது, வெளியே வரும் ஒளியிலும் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்கிறது. நொதி தன் வேலையைக் குறைவில்லாமல் செய்துகொண்டிருக்க, கருவிக்கு மட்டும் அது தெரியவில்லை. "அளவுக்கேற்ப குறைகிறதே, பொய்யாக இருக்குமா?" என்பார்கள். சாயமும் அளவுக்கேற்பத்தான் மறைக்கும்! அந்த வளைவு எதையும் நிரூபிக்கவில்லை.

மறுநாள் தனி ஏஎம்சியோடு சோதித்தபோது ஒளி அதே விகிதத்தில் மங்கியது. தடுப்பு என்று எதுவுமே இல்லை. கட்டிய பணம் திரும்பவில்லை; அந்தப் பெண்ணின் ஓராண்டு உழைப்பும் திரும்பவில்லை. ஒரே ஒரு பிற்பகல் வேலை இதைத் தவிர்த்திருக்கும். சோதனையில் உருவாகும் அளவுக்குத் தனி ஏஎம்சியை எடுத்து, உங்கள் சேர்மத்தின் ஒவ்வொரு செறிவையும் சேர்த்து அளந்துவிடுங்கள். சந்தேகம் நீங்காவிட்டால் கலவையைக் கூறுகளாகப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சியில் வெட்டுண்ட பெப்டைடை நேரடியாகப் பாருங்கள்.

வெட்டுண்டதும் மஞ்சள் நிறப் பாரா-நைட்ரோஅனிலினை விடுவிக்கும் பெப்டைடுக்கு மாறினால் தப்பிக்கலாம் என்று எண்ண வேண்டாம். அதை அளப்பது 405 நானோமீட்டரில். மஞ்சளின் மேல் மஞ்சள். இறுதி அளவீட்டை மட்டும் எடுத்தால் இங்கே உண்மையான தடுப்பே மறைந்துபோகும். ஒவ்வொரு செறிவுக்கும் நொதி சேர்க்காத தனி வெற்றுக் கரைசல் வேண்டும். நேரத்தோடு மாறும் சரிவைப் பின்தொடர்வது இன்னும் நல்லது.

திரளையும் டானினையும் மறப்பது

நீரில் சரியாகக் கரையாத தாவரச் சேர்மங்கள் நுண்திரள்களாகச் சேர்ந்து, நொதியைத் தம்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். சோப்புப் போன்ற டிரைட்டான் எக்ஸ்-100-ஐ 0.01 சதவீதம் சேர்த்ததும் தடுப்பு காணாமல் போனால் நீங்கள் கண்டது பெரும்பாலும் திரளே. பட்டை, கடுக்காய் போன்றவற்றின் கச்சாச் சாற்றில் டானின் மிகுதி. அது எதிர்ப்படும் புரதத்தையெல்லாம் வீழ்படிவாக்கும். புரோட்டியேஸோடு தொடர்பே இல்லாத வேறொரு நொதியையும் உங்கள் சாறு "தடுக்கிறதா" என்று பாருங்கள். தடுத்தால், அந்தச் சாற்றை வைத்து ஆல்கலாய்டின் பெயரைச் சொல்லிக் கட்டுரை எழுதாதீர்கள்.

டிடிடி இல்லாமல் சிஸ்டீன் புரோட்டியேஸ்

பப்பாளிப் பாலின் பப்பாயினும், கொரோனா வைரஸின் முதன்மைப் புரோட்டியேஸும், சிஸ்டீன் என்ற கந்தகமுள்ள அமினோ அமிலத்தால் வெட்டும் வகை. வினைபுரியும் கந்தகம் வெளியே நிற்பதால் எதுவும் அதில் ஒட்டிக்கொள்ளும். 2020-இல் அந்த வைரஸ் நொதிக்குத் தடுப்பான்களாகப் பேசப்பட்ட எப்செலன், டைசல்ஃபிரம் இரண்டும், கந்தகத்தை ஒடுக்கிய நிலையில் காக்கும் டிடிடி இருந்தபோது அந்தத் திறனை இழந்தன. டிடிடி சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு முறை செய்யுங்கள்.

பிஎம்எஸ்எஃப்

டிரிப்சின் போன்ற செரீன் வகைப் புரோட்டியேஸ்களைத் தடுக்கச் சேர்க்கும் இது நீரில் சிதையும். பிஎச் 8-இல், அறை வெப்பத்தில், பாதி போக அரை மணி நேரத்துக்குச் சற்று மேல்தான்.

நிக்கல் கம்பத்தில் ஈடிடிஏ

புரதத்தைத் தூய்மையாக்கும் நிக்கல் கம்பத்தில், உலோகத்தைப் பிடித்துக்கொண்டு சில புரோட்டியேஸ்களைத் தடுக்கும் ஈடிடிஏ வேண்டாம். நிக்கலையே உருவிக்கொண்டு போய்விடும்.

குப்பியின் எடையைப் பெப்டைடின் எடையாகக் கொள்வது

விலைக்கு வாங்கும் பெப்டைடு பெரும்பாலும் டிரைஃப்ளூரோஅசிட்டிக் அமில உப்பாக வருகிறது; ஈரமும் சேர்ந்திருக்கும். காரத்தன்மையுள்ள ஆர்ஜினினும் லைசினும் மிகுந்த பெப்டைடில் உப்பின் பங்கு இன்னும் கூடுதல். எச்பிஎல்சி தூய்மை 98 சதவீதம் என்று சான்றிதழ் சொன்னாலும், அந்த எண்ணில் உப்பும் நீரும் கணக்கில் வராது. நிகரப் பெப்டைடு அளவைக் கேட்டு வாங்குங்கள், அல்லது அமினோ அமிலப் பகுப்பாய்வு செய்து பாருங்கள். அடர் கரைசலை, பிஎச்சை நிலையாக வைக்கும் தாங்கல் கரைசலில் சேர்த்த பிறகு பிஎச் தாளை ஒருமுறை தொட்டுப் பாருங்கள்: அந்த அமிலமே டிரிப்சினின் வேகத்தைக் குறைத்துவிட்டு, பெப்டைடுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்திருக்கலாம்.