ஏற்றத்தில் படுத்துக்கொள்ளும் ஜீப் வைப்பர்: மோட்டாரைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

"அண்ணே, இறக்கத்துல வைப்பர் பறக்குது, ஏத்தத்துல அப்படியே படுத்துக்குது. மோட்டார் போச்சு போல. வேற ஒண்ணு கிடைக்குமா?"

ஐப்பசி பிறந்தால் பழைய வில்லிஸ், மகிந்திரா ஜீப் வைத்திருப்பவர்கள் பட்டறைக்கு வந்து சொல்வது இதுதான். தாண்டிக்குடியில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு தம்பி, வண்டியை மலையிலேயே நிறுத்திவிட்டு மோட்டாரை மட்டும் மஞ்சப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் மதுரைக்கு வந்துவிட்டார். "மாட்டிக்கிட்டு வண்டியோட வாங்க தம்பி, மோட்டார் மேல குத்தம் இருக்கிற மாதிரி தெரியல" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

வேக்கம் வைப்பரில் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய சாமான் மோட்டார்தான். ஆனால் எல்லாரும் முதலில் கை வைப்பது அதில்தான், ஏனென்றால் கண்ணுக்கு எதிரே இருக்கிறது.

இந்த வைப்பருக்குக் கரண்ட் கிடையாது. பெட்ரோல் என்ஜின் காற்றை உறிஞ்சும்போது கார்ப்பரேட்டரின் தட்டு பாதி மூடியிருந்தால், அந்தக் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டுக்குள் வெற்றிடம், அதாவது வேக்கம், உண்டாகும். அந்த இழுப்பை ஒரு ட்யூப் வழியாக வைப்பர் மோட்டாருக்குக் கொண்டுபோகிறார்கள். மோட்டாருக்குள் ஒரு தட்டு. அதன் ஒரு பக்கம் வேக்கம் இழுக்கும், மறுபக்கம் வெளிக்காற்று தள்ளும். தட்டு ஓரம் போய்ச் சேர்ந்ததும் ஒரு சின்ன ஸ்பிரிங் வால்வை 'டக்'கென்று மாற்றிவிடும், தட்டு திரும்பி வரும். அவ்வளவுதான் வித்தை. அமெரிக்காவில் பஃபலோ நகரத்து ட்ரைகோ கம்பெனி இதைச் செய்தே பெரிதானது. 1953இல் வந்த முதல் கார்வெட், 1955இல் வந்த தண்டர்பேர்ட் போன்ற ஸ்போர்ட்ஸ் கார்களிலும் இதே ஏற்பாடுதான். அந்த வண்டிகளை நம் பக்கம் பார்ப்பது அபூர்வம். ஜீப்புக்குக் குறைவில்லை, அதனால் ஜீப்பை வைத்தே சொல்கிறேன்.

ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தால் கார்ப்பரேட்டர் தட்டு திறந்துவிடும், மேனிஃபோல்டில் வேக்கம் ஏறக்குறைய பூஜ்யம். வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலைச்சாலையில் இரண்டாவது கியரில் திணறி ஏறும்போது வைப்பர் நின்றால் அது இந்த அமைப்பின் குணம், கோளாறு இல்லை. காலை ஒரு நொடி எடுங்கள். கண்ணாடியை இரண்டு தடவை துடைத்துவிடும். பழைய டிரைவர்கள் வளைவுக்கு வளைவு இப்படிக் காலை எடுத்து எடுத்துத்தான் மலை ஏறினார்கள். சமதரையில், என்ஜின் ஐட்லிங்கில் இருக்கும்போது, நனைந்த கண்ணாடியில் வைப்பர் சுறுசுறுப்பாக ஓடவில்லை என்றால் மட்டும் மேலே படியுங்கள். சிஜே 3பி ஜீப் வைத்திருப்பவர்கள் மட்டும் கீழே பெட்ரோல் பம்பு பற்றிச் சொல்வதையும் பாருங்கள்.

சரி, அதற்கு முன் இன்னொன்று. உங்கள் ஜீப்பில் இருப்பது பெட்ரோல் என்ஜின்தானா? சிரிக்காதீர்கள். போடி, கம்பம் பக்கம் ஓடிய ஜீப்புகள் பலவற்றில் எப்போதோ டீசல் என்ஜின் ஏற்றிவிட்டார்கள். டீசலில் காற்றை மறிக்கும் தட்டு பொதுவாகக் கிடையாது, அதனால் மேனிஃபோல்டில் இழுக்க ஒன்றும் இல்லை. அப்படிப்பட்ட வண்டியில் வைப்பர் ஓட வேண்டுமென்றால் ஆல்டர்னேட்டர் பின்னால் வேக்கம் பம்பு இருக்கிற மாதிரி பார்த்துப் போட்டு அதிலிருந்து லைன் எடுக்க வேண்டும், அல்லது கரண்ட் மோட்டாருக்கு மாற வேண்டும். வேறு வழி இல்லை.

பெட்ரோல்தான் என்றால் கருவி எதுவும் வேண்டாம், கட்டைவிரல் போதும். என்ஜினை ஓடவிட்டு, வைப்பர் மோட்டாரில் மாட்டியிருக்கும் ட்யூபை உருவுங்கள். 'உஸ்'ஸென்று இழுக்கும் சத்தம் கேட்க வேண்டும், ஐட்லிங் கொஞ்சம் தடுமாற வேண்டும். விரலை வைத்து அடைத்தால் விரலின் சதையைப் பிடித்து இழுக்க வேண்டும், என்ஜினும் பழையபடி சீராக வேண்டும். இது நடந்தால் இழுப்பு வந்து சேர்கிறது, கோளாறு மோட்டாரிலோ வைப்பர் கையிலோ. விரலில் ஒன்றும் தெரியவில்லை என்றால் மோட்டாரை மறந்துவிட்டு என்ஜின் பக்கம் போங்கள்.

என்ஜின் பக்கத்தில் அதே சோதனையை மேனிஃபோல்டு நிப்பிளிலேயே, அதாவது ட்யூப் மாட்டும் சின்னக் குழாய் முனையிலேயே, செய்து பாருங்கள். அங்கே நன்றாக இழுத்து, மேலே இழுக்கவில்லை என்றால் ட்யூப்தான் திருடன். ஜீப்பின் கண்ணாடிச் சட்டம் பானட் மேல் மடியக்கூடியது. மடிகிற இடத்தில்தான் ரப்பர் வெடிக்கும், இல்லாவிட்டால் நசுங்கி அடைத்துக்கொள்ளும். வெளியே பார்த்தால் நல்லாத்தான் இருக்கும், கையில் எடுத்து மடக்கிப் பார்த்தால் உள்ளே கீறல் தெரியும். மீன் தொட்டிக்கு வாங்கும் கண்ணாடி மாதிரித் தெரியும் ட்யூபை மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. காலையில் குளிர்ந்த என்ஜினில் அது வேலை செய்யும். பானட் சூடானதும் இளகி, இழுப்பில் தட்டையாக ஒட்டிக்கொள்ளும், வைப்பர் நின்றுவிடும். பிறகு பட்டறைக்கு வந்து சேர்வதற்குள் ஆறிப்போய் மறுபடி ஓடும், எனக்கும் கோளாறு பிடிபடாது. கனமான சுவருள்ள வேக்கம் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். இரு விரலால் அழுத்தினால் சுலபத்தில் நசுங்கக் கூடாது.

மேனிஃபோல்டிலேயே இழுப்பு மந்தமாக இருந்தால் ஒரு வேக்கம் கேஜ் இரவல் வாங்குங்கள். நல்ல என்ஜின் ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலம் பாதரசம் வரை காட்டும், முள் ஆடாமல் நிற்கும். 20 அங்குலம் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 700 கிராம் அளவுக்கு வெளிக்காற்று வைப்பர் மோட்டாரின் தட்டைத் தள்ளுகிறது என்று அர்த்தம். முள் நிலையாக, ஆனால் இரண்டு மூன்று அங்குலம் குறைவாக நின்றால் முதலில் இக்னிஷன் டைமிங்கை, அதாவது பிளக்கில் பொறி விழும் நேரத்தை, பாருங்கள், பின்தங்கியிருக்கும். ஒரே தாளத்தில் விட்டுவிட்டு இறங்கினால் என்ஜினில் ஏதோ ஒரு வால்வு சரியாக உட்காரவில்லை. 10க்கும் கீழே போய்விட்டால் எங்கேயோ காற்று உள்ளே போகிறது. ஆயில் கேனால் மேனிஃபோல்டு பேக்கிங் ஓரமாகவும் கார்ப்பரேட்டர் அடியிலும் சொட்டுச் சொட்டாக விடுங்கள். எந்த இடத்தில் விடும்போது என்ஜின் சத்தம் மாறுகிறதோ அங்கேதான் ஓட்டை. சூடான என்ஜினில் இதற்குப் பெட்ரோலைத் தெளிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

மலைக்காரர்கள் ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் அடி ஏறினால் கேஜில் ஓர் அங்குலம் குறையும். மதுரையில் 19 காட்டுகிற அதே என்ஜின், ஏழாயிரம் அடியில் இருக்கும் கொடைக்கானலில் 13 பக்கம்தான் காட்டும். இங்கே சோதித்துச் சரியாக ஓடிய வைப்பர் அங்கே ஏரிக்கரையில் சோம்பலாகத் துடைத்தால் பதற வேண்டாம், அங்கே தள்ளுவதற்குக் காற்றே குறைவு.

இப்போது பலரும் கவனிக்காத இடம், ஏசி பம்பு என்று நாங்கள் சொல்லும் பெட்ரோல் பம்பு. 1953இல் வந்த சிஜே 3பி ஜீப்பின் ஹரிக்கேன் என்ஜினுக்கு வில்லிஸ் கொடுத்த பம்பு இரட்டை வேலை பார்க்கும். உள்ளே இருக்கும் ஒரு டயாப்ரம், அதாவது சவ்வு, பெட்ரோலைத் தள்ளும், இன்னொன்று வைப்பருக்காகக் காற்றை இழுக்கும். ஏற்றத்தில் மேனிஃபோல்டு கைவிடும்போது இந்தப் பம்புதான் வைப்பரை மெதுவாகவாவது ஓட வைக்கும். உங்கள் பம்பில் எத்தனை குழாய் என்று எண்ணிப் பாருங்கள். நாலு இருந்தால் இரட்டைப் பம்பு. இரண்டே இருந்தால் முன்னால் வைத்திருந்தவர் மலிவாகக் கிடைத்த ஒற்றைப் பம்பை மாட்டியிருக்கிறார், ஏற்றத்தில் வைப்பர் ஏன் உடனே படுக்கிறது என்பதற்கு விடை அதுதான்.

நாலு குழாய் இருந்தும் படுக்கிறதா? மேனிஃபோல்டிலிருந்து பம்புக்கு வரும் லைனை மேனிஃபோல்டு பக்கத்தில் கழற்றி, நிப்பிளை மூடிவிட்டு, என்ஜினைக் கொஞ்சம் வேகமாக ஓடவிடுங்கள். கண்ணாடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வைப்பரைத் திறந்தால், பம்பின் பலத்தில் மட்டும் மெல்ல ஓட வேண்டும். ஓடவில்லையென்றால் பம்பின் வேக்கம் பக்கம் போய்விட்டது. கழற்றிய அந்தக் குழாயின் வாயில் வெள்ளைத் துணியைச் சுருட்டி விட்டுத் துடைத்துப் பாருங்கள். துணி உலர்ந்து வந்தால் பம்பின் வால்வுக் கோளாறாக இருக்கலாம். ஆயில் பிசுக்கோடு வந்தால் டயாப்ரம் கிழிந்திருக்கிறது, என்ஜின் அடிப்பக்கத்துக் கிராங்க் கேஸ் ஆயிலை அதன் வழியாக மேனிஃபோல்டு உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட வண்டியில் நீலப் புகை வரும், பிளக் நனையும், ஆயில் அளவு இறங்கும். உசிலம்பட்டிக்காரர் ஒருவருக்கு வேறொரு பட்டறையில் ரிங் மாற்ற வேண்டும், போர் செய்ய வேண்டும் என்று பெரிய எஸ்டிமேட் போட்டுக் கொடுத்திருந்தார்கள். இந்தத் துணிச் சோதனையை அவர் கண் முன்னாலேயே செய்து காட்டினேன். பம்புக்கு ரிப்பேர் கிட் போட்டதோடு புகை நின்றது. வைப்பர் ஓடாததை ஒரு குறையாகவே அவர் சொல்லவில்லை, "அது எப்பவும் அப்படித்தான்" என்றார்.

இவ்வளவும் சரியாக இருந்தால்தான் மோட்டாருக்கு வர வேண்டும். அதிலும் முதலில் வைப்பர் கையைத் தனியாகக் கழற்றிவிட்டு, அச்சைக் கையால் திருப்பிப் பாருங்கள். துருப்பிடித்த புஷ்ஷுக்குள் அச்சு இறுகியிருந்தால் எந்த மோட்டாரும் ஓட்டாது. இந்த மோட்டாருக்குப் பலம் கம்மி. புதுக் காரின் நீளமான, கனத்த ஸ்பிரிங் வைத்த பிளேடை மாட்டிவிட்டு மோட்டாரைத் திட்டுவதில் நியாயம் இல்லை. ஜீப்பின் தட்டைக் கண்ணாடிக்கு லேசான, நேரான பிளேடு போதும். நம் வெயிலில் நிறுத்திய வண்டியின் ரப்பர் ஒரே கோடையில் விறைத்துவிடும், அதையும் மாற்றுங்கள். காய்ந்த கண்ணாடியில் வைப்பரைச் சோதிக்கவே கூடாது.

பிறகு, சுத்தமான துண்டு ட்யூப் ஒன்றை மோட்டாரின் நிப்பிளில் மாட்டி வாயால் உறிஞ்சுங்கள். என்ஜின் லைனில் வாய் வைக்காதீர்கள், பெட்ரோல் ஆவி வரும். மோட்டார் நன்றாக இருந்தால் ஒருவர் மூச்சுக்கே அச்சு ஒரு பக்கம் நகரும், கடைசியில் அந்த 'டக்' கேட்கும். நகராமல் காற்று மட்டும் சும்மா வந்துகொண்டே இருந்தால் தட்டின் ஓரத் தோல் காய்ந்துவிட்டது. ஓரம் வரை போய் அங்கேயே நின்றால், 'டக்' கேட்காவிட்டால், வால்வு ஸ்பிரிங் ஒடிந்திருக்கும் அல்லது அழுக்கில் மாட்டியிருக்கும். வைப்பரை நிறுத்திய பிறகும் 'உஸ்' சத்தம் நிற்கவில்லை என்றால் வால்வு சரியாக மூடவில்லை. அதனால் ஐட்லிங்கும் கெடும்.

காய்ந்த தோலுக்கு விளக்கெண்ணெய். பழைய சைக்கிள் பம்பில் காற்று ஏறாமல் போனால் உள்ளே இருக்கும் தோல் வாஷருக்கு எண்ணெய் விட்டு உயிர் கொடுப்போமே, அதே சங்கதிதான். நிப்பிள் வழியாக ஐந்தாறு சொட்டு விட்டு, அச்சை இப்படியும் அப்படியும் பொறுமையாக ஆட்டி, ஓர் இரவு ஊற விடுங்கள். காலையில் மறுபடி உறிஞ்சிப் பாருங்கள். சில மோட்டாரில் தோலுக்குப் பதில் ரப்பர் இருக்கும், விளக்கெண்ணெய் அதையும் கெடுக்காது. மண்ணெண்ணெய், டீசல், துரு நீக்கும் ஸ்பிரே எதையும் உள்ளே விடாதீர்கள். அன்றைக்கு வழுக்கிக்கொண்டு ஓடும், அப்புறம் தோல் முன்பைவிட மோசமாகக் காயும், ரப்பர் ஊதிக்கொள்ளும்.

அதற்கும் மசியவில்லை என்றால் மட்டும் மூடியைத் திறங்கள். திருகுகள் சிறியவை, மோட்டாரின் உடம்பு மென்மையான வார்ப்பு. அவசரப்பட்டால் மரை போய்விடும். உள்ளே தோல் உதிர்ந்த கறுப்புத் தூளும், மூடிக்கு அடியில் பொரிந்துபோன காகிதப் பேக்கிங்கும் இருக்கும். தட்டை எடுத்து வைத்துவிட்டு உடம்பை மட்டும் பெட்ரோலில் கழுவிக் காயவையுங்கள். சுவரில் விரலை ஓட்டுங்கள். நெருடினால் மிக நைசான உப்புக் காகிதத்தால் லேசாகத் தேய்க்கலாம், பள்ளமே விழுந்திருந்தால் வேறு மோட்டார்தான் பார்க்க வேண்டும். பேக்கிங்கை மெல்லிய பேக்கிங் ஷீட்டில் அந்த மூடியை வைத்தே வெட்டிக்கொள்ளலாம். திருகுகளைக் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

இத்தனை செய்தும் மலையில் நம்பிக்கை வரவில்லையா? மேனிஃபோல்டுக்கும் வைப்பருக்கும் நடுவில் ஒரு சின்ன வேக்கம் டேங்கும், மேனிஃபோல்டு பக்கத்தில் ஒருவழி வால்வும் போடலாம். இறக்கத்தில் சேர்ந்த இழுப்பு ஏற்றத்தில் சில வீச்சுக்கு உதவும். வால்வைத் திருப்பி மாட்டினால் வைப்பர் கொஞ்சமும் அசையாது, மாட்டும் முன் வாயால் ஊதிப் பார்த்துத் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள். டிரைவர்கள் மழைக்கு முன் கண்ணாடியில் புகையிலையை நனைத்துத் தேய்ப்பதையும் குறைத்துச் சொல்ல மாட்டேன், தண்ணீர் துளித்துளியாக நிற்காமல் வழிந்துவிடும், பாதி வேலை மிச்சம்.

தினமும் மலை ஏறி இறங்குகிறவர், ராத்திரி ஓட்டுகிறவர் கரண்ட் மோட்டாருக்கு மாறிக்கொள்வதை நான் தடுப்பதில்லை. அழகுக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டாம். பழைய மோட்டாரை விளக்கெண்ணெய் விட்டுத் துணியில் சுற்றி வையுங்கள், பழைய பொருளுக்கு என்றைக்கும் ஆள் உண்டு. மாற்றும்போது மேனிஃபோல்டில் காலியாகும் நிப்பிளைக் கழற்றிவிட்டு, மரை உள்ள பித்தளை பிளக் போட்டு இறுக்குங்கள். ரப்பர்த் துண்டைத் திணித்துக் கம்பி கட்டி அனுப்பும் ஆட்கள் இருக்கிறார்கள். சூட்டில் அது இளகிவிடும், ஓட்டை விழுந்தால் ஐட்லிங் நிற்காது, நிப்பிளுக்குள் நழுவினால் என்ஜின் அதை உறிஞ்சிக்கொள்ளும்.