இன்யோ கவுண்டியைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலிபோர்னியாவில் கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி. ஆனால் அந்தக் கணக்கில் இன்யோவைப் பார்த்தால் முதல் அடியிலேயே சறுக்கும். பரப்பு 26,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 19,016 மட்டுமே. நகர அந்தஸ்து உள்ள ஒரே ஊர் பிஷப் என்பதால், அதையே தலைநகர் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். தலைநகர் தெற்கே இருக்கும் இன்டிபென்டென்ஸ் என்ற சிற்றூர்.

வரைபடத்தில் விரல் வைத்துத் தூரம் சொல்வதும் ஆபத்து. 4,421 மீட்டர் உயர விட்னி சிகரமும், கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே மரணப் பள்ளத்தாக்கில் (டெத் வேலி) கிடக்கும் பேட்வாட்டர் என்ற தாழ்நிலமும் இந்த ஒரே கவுண்டிக்குள்தான். சிகரத்தின் அடிவாரத்தில் இருக்கும் லோன் பைன் என்ற ஊரிலிருந்து மலையைக் கடந்து நேர் மேற்கே போக வண்டிச் சாலையே கிடையாது. மலையைச் சுற்றித்தான் போக வேண்டும்.

எனக்கு அதிகம் உறுத்துவது வரலாற்றை 1860களில் வந்த குடியேறிகளிடமிருந்து தொடங்கும் பழக்கம். அதற்கு வெகுகாலம் முன்பே பையூட் என்ற பூர்வகுடி மக்கள் ஓடைகளை மறித்து, வாய்க்கால் வெட்டி, கிழங்குச் செடிகளுக்கு நீர் பாய்ச்சி வந்தார்கள். மேலே சொன்ன ஊர்கள் இருக்கும் ஓவன்ஸ் பள்ளத்தாக்குக்கு அவர்கள் வைத்த பெயர் பாயஹூனாடு, அதாவது நீர் ஓடும் நிலம். கடைசியில் 'நாடு' என்று கேட்பதால் தமிழ் முடிச்சுப் போட வேண்டாம். தற்செயலான ஒலி ஒற்றுமைதான் அது. 1863இல் ராணுவம் பையூட் மக்களில் சுமார் 900 பேரைத் தெற்கே டெஹோன் கோட்டைக்கு நடத்திக்கொண்டு போனது. பலர் திரும்பி வந்துவிட்டார்கள். இன்றும் இங்கேயே வாழ்கிறார்கள்.

அடுத்தது மன்சானார். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 முதல் 1945 வரை, அமெரிக்க அரசு 10,000க்கும் மேற்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்துவைத்த முகாம் என்பதோடு நிறுத்திவிடுவார்கள். மன்சானார் என்ற சொல்லுக்கு ஸ்பானிஷில் ஆப்பிள் தோட்டம் என்று பொருள். முகாமுக்கு முன் அங்கே பழத்தோட்ட ஊர் ஒன்று இருந்தது, அதற்கும் முன் பையூட் குடியிருப்புகள். 1913இல் ஓவன்ஸ் ஆற்று நீர் சுமார் 375 கிலோமீட்டர் கால்வாய் வழியே லாஸ் ஏஞ்சலஸுக்குப் போக ஆரம்பித்தது. 1920களில் அந்த நகரம் தோட்ட நிலங்களையும் வாங்கிக்கொள்ள, ஊர் காலியானது. பராமரிப்பில்லாமல் நின்ற ஆப்பிள், பேரி மரங்களுக்கு முகாமில் அடைபட்டவர்களே கவாத்து செய்து, நீர் ஊற்றி மறுபடி காய்க்க வைத்தார்கள். சில மரங்கள் இப்போதும் நிற்கின்றன. இடுகாட்டில் அவர்களே 1943இல் எழுப்பிய வெள்ளைத் தூணில் கறுப்பு ஜப்பானிய எழுத்துகள். பார்க்க வருகிறவர்கள் அதன் அடியில் காகிதக் கொக்குகளை விட்டுப் போகிறார்கள். மூன்று கதையையும் சேர்த்துச் சொன்னால்தான் அது மன்சானார்.

ஓவன்ஸ் ஏரியை 'பாலைவனத்து வறண்ட ஏரி' என்று சொல்வதும் சரியில்லை. 1870களில் அதில் நீராவிப் படகு ஓடியது. செர்ரோ கோர்டோ சுரங்கத்தின் வெள்ளிக் கட்டிகளை அக்கரைக்குக் கொண்டுபோனது. ஆற்றைத் திருப்பியதால்தான் ஏரி வற்றி, பல பத்தாண்டுகள் புழுதி கிளப்பியது. அதன் கரையில் இருந்த கீலரைப் 'பேய் நகரம்' என்று படம் போடுகிறார்கள். அங்கே சில டஜன் பேர் குடியிருக்கிறார்கள்; டார்வின் என்ற ஊரிலும் அப்படித்தான். வீட்டில் ஆள் இருக்கும் ஊரை அப்படி அழைக்காதீர்கள்.

அப்புறம், மரணப் பள்ளத்தாக்கு. ஆளே இல்லாத இடம் என்று எழுதப்படும் அந்தப் பள்ளத்தாக்கின் ஃபர்னஸ் க்ரீக்கில் டிம்பிஷா ஷோஷோனி என்ற பூர்வகுடி மக்களின் கிராமம் இருக்கிறது. தங்கள் தாய்மண்ணுக்கு 'மரணப் பள்ளத்தாக்கு' என்ற பெயரை அவர்கள் ஏற்பதில்லை. நெடுங்காலம் போராடி, 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் கிராமம் இருக்கும் சுமார் 300 ஏக்கரையும் வேறு சில நிலங்களையும் திரும்பப் பெற்றார்கள்.