போர்க்காலக் கைத்துப்பாக்கி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதன்முதலாக நான் வாங்கிய லூகர் என்ற ஜெர்மன் கைத்துப்பாக்கி இன்னும் என்னிடம் இருக்கிறது. பென்சில்வேனியாவில் ஒரு துப்பாக்கிக் கண்காட்சி. மேசையில் விரித்த பச்சைத் துணியின் மேல் அது பளபளவென்று கிடந்தது. மேற்புறத்தில் மடிந்தெழும் மூட்டில் ‘பி.ஒய்.எஃப்.’ என்ற மூன்றெழுத்து, தோட்டா அறைக்கு மேலே ‘41’. ஓபர்ன்டோர்ஃப் ஊரிலிருந்த மாவுசர் ஆலையில் 1941இல் செய்தது என்று பொருள். உடல் முழுதும் கருநீலம். விசையும் பாதுகாப்பு நெம்புகோலும் மட்டும் வைக்கோல் நிறத்தில் பொன்போல் ஒளிர்ந்தன. போர் முடிந்த நாளிலிருந்து பெட்டியைவிட்டு வெளியே வராதது என்றார் விற்றவர். கேட்ட பணத்தைக் கொடுத்து வாங்கி வந்தேன்.

வீட்டுக்கு வந்து நிதானமாகப் படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. மாவுசர் ஆலை 1937 வாக்கிலேயே துருவேற்றி நீலமாக்கும் பழைய முறையைக் கைவிட்டு, உப்புக் கரைசலில் முக்கும் முறைக்கு மாறிவிட்டது. அதன்பின் சிறு உறுப்புகளும் நீலமாகவே வந்தன. 1941 லூகருக்கு வைக்கோல் நிற விசை இருக்க வழியே இல்லை. பிற்காலத்தில் யாரோ அதை மெருகிட்டு, அழகுக்காக முந்தைய தலைமுறையின் நிறத்தையும் சேர்த்துப் பூசியிருக்கிறார்கள். என்னை மயக்கிய அந்தப் பொன்னிறமே காட்டிக்கொடுக்கும் சான்றாகவும் இருந்தது.

புதிதாக இந்தத் துறைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் விழும் முதல் பள்ளம் இதுதான். புதிதுபோல் மின்னுவது நல்ல நிலையில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். சேகரிப்பில் மதிப்பு முதற்பூச்சுக்குத்தான். உறையில் உரசித் தேய்ந்த முனையும், கைபட்டு வெளுத்த ஓரமும் உள்ள அசல் துப்பாக்கி, மறுபூச்சுப் பூசிய பளபளப்பைவிடப் பல மடங்கு விலை போகும். காரணம் எளிது. தேய்மானத்தை உண்டாக்கியது காலம். மறுபூச்சு அதை அழித்துவிடுகிறது.

மறுபூச்சைக் கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடியும் சாய்வான வெளிச்சமும் போதும். எஃகில் வரிசை எண் அடிக்கும்போது அச்சு உள்ளே இறங்க, சுற்றிலும் உலோகம் மயிரிழை அளவு மேலெழும். அசல் துப்பாக்கியில் நகத்தால் வருடினால் அந்த விளிம்பு சிலசமயம் கையிலேயே தட்டுப்படும். மெருகுச் சக்கரம் பட்டால் விளிம்பு மறைந்து, எண் ஆழம் குறைந்து, ஓரம் கரைந்ததுபோல் தெரியும். துளைகளின் வாய் தட்டுப்போல் சரிந்திருக்கும். கூராக இருக்க வேண்டிய கோணங்கள் சோப்புக்கட்டியின் முனைபோல் மழுங்கியிருக்கும். துருப் பள்ளத்தின் அடியிலும் நீலம் ஒரே சீராக இருந்தால், துரு முதலில் வந்தது, நீலம் பிறகு வந்தது என்று அர்த்தம்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. லூகருக்குப் பின் ஜெர்மன் ராணுவம் எடுத்துக்கொண்ட பி.38 துப்பாக்கியை மூன்று ஆலைகள் செய்தன: ‘ஏ.சி.’ என்றால் வால்தர், ‘பி.ஒய்.எஃப்.’ என்றால் மாவுசர், ‘சி.ஒய்.க்யூ.’ என்றால் ஸ்ப்ரேவெர்க். செக் நாட்டுச் சூடேட்டன் பகுதியின் குரோட்டாவில் அவசர அவசரமாகச் செய்யப்பட்ட ஸ்ப்ரேவெர்க் துப்பாக்கிகளில் கடைசல் கத்தியின் கோடுகள் அப்படியே தெரியும். அவற்றைப் பார்த்து மோசமான சரக்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அந்தக் கோடுகள் பிறவி மச்சம் போன்றவை. வழுவழுப்பான சி.ஒய்.க்யூ. கையில் கிடைத்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

எண் பொருத்தம்: எங்கே பார்ப்பது, எங்கே பார்க்கக் கூடாது

ஜெர்மன் துப்பாக்கிகளில் எண் பொருத்தமே பாதி விலை. லூகரின் முழு எண் சட்டகத்தின் முன்புறம் இருக்கும். அதன் கடைசி இரண்டு இலக்கங்கள் விசை, பக்கத் தகடு, மூட்டு உறுப்புகள் என்று சிறு பாகங்கள்தோறும் அடிக்கப்பட்டிருக்கும். மரக் கைப்பிடியின் உட்புறத்தில்கூட அதைப் பார்க்கலாம். வெளியில் தெரியும் நான்கு இடங்களைப் பார்த்துவிட்டு எல்லாம் பொருந்துகிறது என்று முடிவுகட்டுவது பெரிய தவறு. விற்பவரின் அனுமதியோடு பிரித்துப் பாருங்கள். பிரிக்கவே கூடாது என்பவரிடம் வாங்காமல் நகர்ந்துவிடுவது நல்லது.

பொருந்தாத எண்ணைச் சுரண்டிவிட்டுப் புதிய எண் அடிக்கும் வேலையும் நடக்கிறது. அந்த இடத்தில் நேரான உலோக அளவுகோலின் விளிம்பை வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் காட்டினால், சுரண்டிய இடம் மெல்லிய குழியாகத் தெரியும். எழுத்தின் உருவத்தையும் ஒப்பிடுங்கள். ஒரே துப்பாக்கியின் 4, 7 போன்ற இலக்கங்கள் இடத்துக்கு இடம் வேறு அச்சில் இருந்தால் அது யோசிக்க வேண்டிய விஷயம்.

எண்ணோடு வரும் எழுத்தையும் விட்டுவிடக் கூடாது. ஜெர்மன் ஆலைகள் பெரும்பாலும் பத்தாயிரம் வரை எண்ணிவிட்டு, அடுத்த சுற்றுக்கு ஓர் எழுத்தைச் சேர்த்து மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கின. லூகரிலும், வால்தர், மாவுசர் பி.38இலும் ஆண்டு மாறினால் கணக்கும் புதிதாகத் தொடங்கும். அதனால் வெறும் 4521 என்ற எண் பல துப்பாக்கிகளில் இருக்கும். எழுத்தும் ஆண்டும் சேர்ந்தால்தான் அது ஓர் ஆள் அடையாளம்.

இந்தப் பாடத்தைக் கற்றவர்கள் அடுத்துச் செய்யும் பிழை, அதை அப்படியே அமெரிக்கத் துப்பாக்கிக்கும் பொருத்திப் பார்ப்பது. இரண்டாம் உலகப்போர்க் கால அமெரிக்க ராணுவக் கைத்துப்பாக்கியான எம்1911ஏ1இல் வரிசை எண் பெரும்பாலும் சட்டகத்தில் மட்டுமே உண்டு. எந்த ஆலையின் உறுப்பும் எந்தத் துப்பாக்கியிலும் பொருந்த வேண்டும் என்பதே அமெரிக்க ராணுவத்தின் கொள்கை. அங்கே பார்க்க வேண்டியது, இந்தச் சட்டகத்தோடு, சுடும்போது பின்னகரும் மேற்பகுதியான இந்த ஸ்லைடும் இந்தக் குழலும் அந்தக் காலத்தில் ஆலையிலிருந்து சேர்ந்து வந்திருக்குமா என்பதைத்தான். ரெமிங்டன் ராண்ட் நிறுவனம் செய்த துப்பாக்கியில் ‘எச்.எஸ்.’ என்று பொறித்த ஹை ஸ்டாண்டர்டு நிறுவனக் குழல் இருப்பது இயல்பு. அதைக் கலப்படம் என்று தள்ளிவிடாதீர்கள். போருக்குப் பின் ராணுவக் கிடங்குகளில் ஆயிரக்கணக்கில் பிரித்துச் சேர்த்தார்கள். அப்படிச் சீரமைத்தவற்றில் கிடங்கின் எழுத்துகள் இருக்கும்: அகஸ்டாவுக்கு ‘ஏ.ஏ.’, ராக் ஐலண்டுக்கு ‘ஆர்.ஐ.ஏ.’. அவை பொய்ச் சரக்கு அல்ல. ஆனால், ஆலையிலிருந்து வந்த நிலையிலேயே இருப்பதன் விலையை அவற்றுக்குக் கொடுக்கவும் கூடாது.

சிங்கர் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது வீட்டு மூலையில் அம்மா மிதித்த தையல் இயந்திரம். அதே சிங்கர் நிறுவனம் 1941இல் எம்1911ஏ1 துப்பாக்கிகள் ஐந்நூறு மட்டும் செய்தது. எண்கள் எஸ்800001 முதல் எஸ்800500 வரை. இன்று ஏலத்தில் லட்சம் டாலரைத் தாண்டும் என்பதால், போலி ஸ்லைடு, போலி எழுத்து, மாற்றிய எண் என்று எல்லாவிதமான மோசடியும் இதைச் சுற்றி நடக்கிறது. வல்லுநரின் எழுத்துபூர்வமான கருத்து இல்லாமல் சிங்கர் என்ற பெயருக்காக ஒரு டாலர்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

முத்திரையைத் தவறாகப் படித்தல்

ஜப்பானின் நம்பு 14ஆம் வகைக் கைத்துப்பாக்கியில் ‘19.3’ என்று இருப்பதைப் பார்த்து 1919 என்று விலை பேசியவரை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அது ஷோவா ஆண்டு, அதாவது ஜப்பானியப் பேரரசரின் ஆட்சியாண்டுக் கணக்கு. 1925ஐக் கூட்ட வேண்டும். ஆக 1944, மார்ச். அந்த வகையே 1925இல்தான் வந்தது. முந்தைய பேரரசரின் தைஷோ 14ஆம் ஆண்டு என்பதே அதன் பெயரிலுள்ள 14.

‘எஸ்.வி.டபிள்யூ. 46’ என்று பொறித்த பி.38ஐப் போர்க்கால ஜெர்மன் துப்பாக்கி என்று விற்கிறார்கள். 1946இல் போர் ஏது? ஓபர்ன்டோர்ஃபைக் கைப்பற்றிய பிரெஞ்சுக்காரர்கள், மிஞ்சிய உறுப்புகளையும் இயந்திரங்களையும் கொண்டு தங்களுக்காகச் செய்துகொண்டது அது. சாம்பல் பூச்சும் ஐந்துமுனை நட்சத்திரமும் அதன் அடையாளங்கள். அதற்கென்று நல்ல சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். சரியான பெயரில் வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

நாஜிகளின் எஸ்.எஸ். படையின் மின்னல் எழுத்துகள் பொறித்த கைத்துப்பாக்கி என்றால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். அநேகமாக எல்லாமே பிற்காலத்தில் அடித்தவை. அந்தக் கொடிய முத்திரைக்காகவே அதிகப் பணம் கொடுக்க ஆள் இருப்பதால் நடக்கும் வியாபாரம் இது. அது எனக்கு வேதனை தருகிறது. நாங்கள் சேகரிப்பது வரலாற்றின் ஆவணத்தை. அந்தக் கொடுமையின் பெருமைக்காகச் சேகரிக்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

சோவியத் படை கைப்பற்றிய பி.38களும் லூகர்களும் தனி ரகம். கிடங்கில் பிரித்து, கலந்து, மறுபடி நீலக் கரைசலில் முக்கியெடுத்தவை. பொருந்தாத எண்ணைக் கோடிட்டு அழித்துவிட்டு மின்பேனாவால் புதிய எண் எழுதியிருப்பார்கள். சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு இவை அமெரிக்காவுக்கு ஏராளமாக வந்தன. எண் பொருந்துகிறது என்ற ஒரே காரணத்துக்காக இவற்றை அசல் விலைக்கு வாங்குவதே தவறு.

கதைக்குக் கொடுக்கும் பணம்

நார்மண்டியில் பிடிபட்ட அதிகாரியின் இடுப்பிலிருந்து எடுத்தது என்ற கதை ஒவ்வொரு மேசையிலும் கிடைக்கும். கதை உண்மையாகவும் இருக்கலாம். துப்பாக்கியை அதன் இரும்புக்கு மட்டும் விலைபேசுங்கள். கதைக்கு விலை வேண்டுமென்றால் காகிதம் வேண்டும். அமெரிக்க வீரர்கள் கைப்பற்றிய பொருளை ஊருக்குக் கொண்டுபோக மேலதிகாரி கையெழுத்திட்ட அனுமதிச் சீட்டு இருந்தது. வரிசை எண்ணோடு அந்தச் சீட்டு கிடைத்தால் அது பொக்கிஷம். ஆனால் சீட்டையும் போலியாகச் செய்கிறார்கள். முன்பு சொன்ன எழுத்து இல்லாமல் நான்கு இலக்கம் மட்டும் இருந்தால், அது வேறொரு துப்பாக்கியின் சீட்டாகவும் இருக்கலாம்.

குழலின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க மறக்காதீர்கள். அமெரிக்காவின் 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பிறகு இறக்குமதியானவற்றில் பெரும்பாலும் இறக்குமதியாளரின் பெயரும் ஊரும் சிறிய எழுத்தில் இருக்கும். அந்த எழுத்து இருக்கும் துப்பாக்கியை, தாத்தா போரிலிருந்து பையில் போட்டுக் கொண்டுவந்தார் என்று யாராவது சொன்னால் எது பொய் என்பது தெரிந்துவிடும்.

பழையதுதானே, சட்டம் எதற்கு என்ற எண்ணமும் ஆபத்து. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் 1898க்குப் பின் செய்தவை தொன்மைப் பொருள் ஆகா. ஐம்பது ஆண்டைத் தாண்டியவற்றைச் சேகரிப்புப் பொருளாக வாங்க 03 வகை உரிமம் உண்டு. அதற்குப் பதிவேடு வைக்க வேண்டும். உரிமம் இல்லாதவர் வேறு மாநிலத்திலிருந்து வாங்கினால், உரிமம் பெற்ற வணிகர் வழியாகத்தான் கைக்கு வர வேண்டும். மாநிலச் சட்டங்கள் இதற்கு மேலும் கடுமையாக இருக்கலாம்.

சுட்டுப் பார்த்துவிட்டு வாங்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எண் பொருந்திய துப்பாக்கியில் ஓர் உறுப்பு உடைந்தால் அந்தப் பொருத்தம் அன்றோடு போயிற்று. அதைவிட முக்கியம் உயிர். பிரிட்டனின் வெப்ளி மார்க் 6 ரிவால்வர்களில் பலவற்றின் உருளையைப் பின்பக்கம் சீவி, .45 ஏ.சி.பி. தோட்டா ஏற்கும்படி மாற்றியிருக்கிறார்கள். வழக்கமான ஆலைத் தோட்டாவின் அழுத்தம் அந்த ரிவால்வருக்கு மிக அதிகம். ஜப்பானின் 94ஆம் வகைக் கைத்துப்பாக்கியில் இடப்பக்கம் திறந்திருக்கும் தண்டை அழுத்தினாலே, விசையைத் தொடாமல் வெடித்துவிடும். எந்த மேசையில் எந்தத் துப்பாக்கியை எடுத்தாலும் முதலில் மேகசினைக் கழற்றி, அறையைத் திறந்து, கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பாருங்கள்.

வாங்கி வந்த முதல் வாரத்தில்தான் பலர் பெருஞ்சேதம் செய்கிறார்கள். பித்தளைப் பாத்திரம் துலக்குவதுபோல் தேய்த்து, எழுபது எண்பது ஆண்டுப் பழுப்பை ஒரே மாலையில் எடுத்துவிடுகிறார்கள். நல்ல எண்ணெயும் பருத்தித் துணியும் தவிர வேறெதுவும் வேண்டாம். விரல் வியர்வை எஃகில் ரேகையாகவே துருப்பிடிக்கும். அதனால் எடுத்த பிறகு ஒவ்வொரு முறையும் துடைத்து வையுங்கள். தோல் உறை அசலாக இருந்தாலும் துப்பாக்கியை அதற்குள் வைக்காதீர்கள். பதனிட்ட தோலிலுள்ள உப்பும் ஈரமும் எஃகைத் தின்றுவிடும். உறை ஒரு பக்கம், துப்பாக்கி ஒரு பக்கம். எண்களை எல்லாம் படமெடுத்து, யாரிடம் எந்தத் தேதியில் வாங்கினீர்கள், அவர் சொன்ன கதை என்ன என்பதையும் ஒரு தாளில் எழுதி உறையோடு வைத்துவிடுங்கள். கதையை அவர் சொன்னதாகவே எழுதுங்கள்.