இரண்டே எடைகளை வைத்துப் பின்பரவலைக் கையால் போட்டுப் பார்ப்பது எப்படி?

நியூரல் நெட்வொர்க் பயிற்சியில், ஒவ்வொரு எடையையும் (பயிற்சியில் மாறும் எண்ணையும்) பொறுத்துப் பிழையின் வகைக்கெழுவை, பிழையிலிருந்து பின்னோக்கி வந்து கணக்கிடும் முறைதான் பின்பரவல் (backpropagation). அந்த வேலையை லைப்ரரி பார்த்துக்கொள்ளும். பிழை குறையாமல் அடம்பிடிக்கும்போதுதான் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் திணறுவோம். ஒரு முறையாவது முழுக் கணக்கையும் தாளில் போட்டுவிட்டால் அந்தத் திணறல் பெருமளவு போய்விடும். அடுக்குக்குறிப் பொத்தான் (eˣ) உள்ள கால்குலேட்டரும் ஒற்றை மாறி வகைநுண்கணிதமும் போதும்.

முதல் படி: வலையை எழுதிக்கொள்ளுங்கள்

உள்ளீடு உ = 2. எட்ட வேண்டிய இலக்கு இ = 1. எடைகள் இரண்டு: அ = 0.5, ஆ = 0.4. கணக்கு இந்த வரிசையில் ஓடும்:

க = அ × உ
ம = சிக்மாய்டு(க)
வ = ஆ × ம
ப = ½ (வ − இ)²

சிக்மாய்டு(க) என்பது 1 / (1 + e⁻ᵏ), இங்கே k-க்குப் பதில் க-வின் மதிப்பைப் போட வேண்டும்; எந்த எண்ணையும் 0-க்கும் 1-க்கும் இடையில் கொண்டுவரும் சார்பு அது. ப என்பது பிழை. உள்ளீடும் இலக்கும் மாறாதவை; பயிற்சியின்போது மாறுவன அ, ஆ இரண்டும்தான். ஆகவே ப இரண்டு மாறிகளின் சார்பு. பல மாறி நுண்கணிதம் இங்கேயே உள்ளே வந்துவிடுகிறது. பெரிய மாதிரிகளில் மாறிகள் கோடிக்கணக்கில் இருந்தாலும் முறை இதுவேதான்.

இரண்டாம் படி: முன்னோக்கிக் கணக்கிடுங்கள்

க = 1. ம = 0.73106. வ = 0.29242. வ − இ = −0.70758. ப = 0.25033.

இடையில் வந்த எண்களை அழித்துவிடாதீர்கள். திரும்பி வரும்போது ஒவ்வொன்றும் தேவைப்படும். பயிற்சியின்போது நினைவகம் அதிகம் பிடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மூன்றாம் படி: பின்னோக்கி வாருங்கள்

பகுதி வகைக்கெழு என்றால், மற்ற மாறிகளை அசையாமல் பிடித்துக்கொண்டு ஒன்றை மட்டும் துளி நகர்த்தினால் பிழை எந்த வேகத்தில் மாறும் என்பது. பிழையிலிருந்து தொடங்கி, சங்கிலி விதிப்படி கண்ணி கண்ணியாகப் பெருக்கிக்கொண்டே போக வேண்டும்.

∂ப/∂வ = வ − இ = −0.70758
∂ப/∂ஆ = −0.70758 × ம = −0.51728
∂ப/∂ம = −0.70758 × ஆ = −0.28303
∂ம/∂க = ம(1 − ம) = 0.19661
∂ப/∂அ = −0.28303 × 0.19661 × 2 = −0.11129

−0.70758 என்ற எண்ணை ஒரே முறை கண்டுபிடித்து இரண்டு எடைகளுக்கும் பயன்படுத்தினோம். பின்பரவலின் சிக்கனம் இதில்தான் இருக்கிறது. எடைக்கு எடை தனியாக அசைத்துப் பார்த்தால், எத்தனை எடையோ அத்தனை முறை முன்னோக்கிய ஓட்டம் வேண்டும். பின்னோக்கி வந்தால், எடைகள் எத்தனை இருந்தாலும், முன்னோக்கிய ஓட்டத்தைப் போலச் சில மடங்கு வேலையில் எல்லா வகைக்கெழுக்களும் கிடைத்துவிடும். 1986-இல் ரூமல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் மூவரும் எழுதிய கட்டுரைதான் இந்த முறையைப் பரவலாக்கியது.

நான்காம் படி: எடைகளை நகர்த்துங்கள்

இரண்டு பகுதி வகைக்கெழுக்களையும் சேர்த்து எழுதினால் கிரேடியன்ட் வெக்டர்: (−0.11129, −0.51728). பிழை மிக வேகமாக ஏறும் திசை அது. நாம் எதிர்த்திசையில் போக வேண்டும். எவ்வளவு நீள அடி வைப்பது என்பதைத் தீர்மானிக்கும் எண்ணான கற்றல் வீதத்தை 0.5 என்று வைத்தால்:

அ = 0.5 + 0.5 × 0.11129 = 0.55565
ஆ = 0.4 + 0.5 × 0.51728 = 0.65864

மறுபடி முன்னோக்கிப் போட்டால் ப = 0.1272. ஒரே அடியில் பிழை ஏறக்குறையப் பாதியாகிவிட்டது.

இந்த இடத்தில் பலர் சறுக்குவது ஒரு சின்ன வரிசைப் பிழையில். ஆ-வை முதலில் புதுப்பித்துவிட்டு, அந்தப் புதிய 0.65864-ஐ வைத்து ∂ப/∂அ போட்டால் −0.18326 வரும். அது எந்தப் புள்ளியின் கிரேடியன்ட்டும் அல்ல. எல்லா வகைக்கெழுக்களையும் பழைய எடைகளில் எடுத்து முடித்த பிறகே எடைகளைத் தொடுங்கள்.

கற்றல் வீதம் 10 வைத்தால் என்ன ஆகும் என்றும் போட்டுப் பாருங்கள். ஆ 5.573-க்குத் தாவும், பிழை 9.50 ஆகும், அடுத்த அடியில் ஆ −36-க்கும் கீழே போய்விடும். கிரேடியன்ட் சொல்லும் திசை, நிற்கும் இடத்துக்கு மிக அருகில் மட்டுமே உண்மை. நீண்ட அடி வைத்தால் அந்த உத்தரவாதம் இல்லை.

ஐந்தாம் படி: கிளை பிரியும் இடத்தில் கூட்டுங்கள்

மேலே பார்த்தது ஒற்றைச் சங்கிலி. பல மாறிச் சங்கிலி விதியின் உண்மையான பலம் கிளைகளில்தான் தெரியும். பழைய எடைகளுக்கே திரும்பி, ம-விலிருந்து இன்னொரு வெளியீட்டையும் சேர்ப்போம்: எடை −0.3, இலக்கு 0. பிழைக்கு அதே ½ வர்க்கம். இரண்டு பிழைகளையும் கூட்டியதே மொத்தப் பிழை. புது வெளியீடு −0.21932. அந்த வழியாக ம-வுக்கு வரும் பங்கு −0.21932 × −0.3 = 0.06580.

∂ப/∂ம = −0.28303 + 0.06580 = −0.21724
∂ப/∂அ = −0.21724 × 0.19661 × 2 = −0.08542

ஒரு வெளியீடு ம-வைக் கூட்டச் சொல்கிறது, மற்றது குறைக்கச் சொல்கிறது. கிடைப்பது இரண்டின் கூட்டுத்தொகை. விதி இவ்வளவுதான்: ஒரே வழியில் வரும் கண்ணிகளைப் பெருக்கு, வெவ்வேறு வழிகளைக் கூட்டு. ஒரே மட்டத்தில் உள்ள நியூரான்களின் தொகுதியான முழு அடுக்குக்கு எழுதும்போது இதுவே எடை அணியின் நிரை நிரல் மாற்றால் (transpose) பெருக்குவதாக வடிவம் எடுக்கிறது. நியூரல் நெட்வொர்க் லைப்ரரியான பைடார்ச்சில் (PyTorch) கிரேடியன்ட்டுகள் பழைய மதிப்போடு கூடிக்கொண்டே போகும்படி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் அவற்றைச் சுழியாக்க மறந்தால் பழைய சுற்றின் கணக்கும் சேர்ந்துகொள்ளும்.

ஆறாம் படி: விடையைச் சோதியுங்கள்

இந்தப் படியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ஒற்றை வெளியீட்டு வலையில் அ = 0.501 என்று வைத்தால் ப = 0.25022107. அ = 0.499 என்றால் 0.25044365. வித்தியாசத்தை 0.002-ஆல் வகுத்தால் −0.11129. மூன்றாம் படியில் வந்ததும் அதேதான். நான்கு தசம இடங்களோடு நிறுத்தியிருந்தால் −0.1 என்றுதான் வந்திருக்கும். கணினியிலும் அசைவை அளவுக்கு மீறிச் சிறிதாக்கினால் இதே கதிதான். 64 பிட் எண்களில் 0.00001 நல்ல தொடக்கம்.

அடுக்குகள் கூடும்போது

சிக்மாய்டின் வகைக்கெழு எப்போதும் 0.25-ஐத் தாண்டாது. பத்து அடுக்குகள் இருந்தால் சிக்மாய்டுகளின் பங்காக மட்டும் 0.25-ஐப் பத்து முறை பெருக்குகிறோம். அதிகபட்சமே சுமார் 0.00000095. எடைகள் இதை ஈடுகட்டாவிட்டால் முதல் அடுக்கு அசையவே அசையாது. சிக்மாய்டுக்குப் பதிலாக வைக்கப்படும் ரெலு (நேர் எண்களை அப்படியே விட்டு, எதிர் எண்களைச் சுழியாக்கும்) சார்பில் நேர் பக்கத்து வகைக்கெழு 1 என்பதால் இந்தத் தேய்மானம் இல்லை.

எடைகளைச் சீரற்ற எண்களால் தொடங்குவதற்கும் காரணம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. ஒரே அடுக்கில் உள்ள இரண்டு நியூரான்களின் உள் எடைகளும் வெளி எடைகளும் ஒன்றாகவே இருந்தால், இரண்டுக்கும் ஒரே கிரேடியன்ட் வரும், இரண்டும் ஒரே அடி எடுத்து வைக்கும். எத்தனை ஆயிரம் சுற்று ஓட்டினாலும் அவை பிரியாது; இரண்டு நியூரான் வைத்தும் வேலை செய்வது ஒன்றுதான்.